மேற்குச் சுவரின் சூடு

கம்பெனியில் என் முதுகுக்குப் பின்னால் என்னை மெழுகு சார் என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாலும் கோபப்பட்டிருக்க மாட்டேன், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சென்னைக்கு வெளியே, மூட்டையில் அடைத்த பூச்சுச் சாந்து தயாரிக்கும் கம்பெனி அது. மணல் சலிக்க வேண்டாம், சிமெண்டு அளக்க வேண்டாம், மூட்டையைப் பிரித்துத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் பூச வேண்டியதுதான். அதன் சோதனைக்கூடத்தில் தலை நரைக்கும்வரை இருந்துவிட்டேன். சிமெண்டு சுடும்போது கிளம்பும் கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிறது என்று எல்லோரும் பேச ஆரம்பித்த காலத்தில் நாங்களும் சிமெண்டைக் குறைத்தோம். அனல்மின் நிலையச் சாம்பலும் சுண்ணாம்பும் சுட்ட களிமண்ணும் அதன் இடத்துக்கு வந்தன. அது கம்பெனியின் யோசனை. அதற்குள் மெழுகைப் போட்டது என் யோசனை.

மெழுகு என்றால் மெழுகுவர்த்திக்குச் சொந்தக்காரன்தான், வேறொன்றும் பெரிய சரக்கு இல்லை. கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக்கி ஒவ்வொன்றுக்கும் மெல்லிய ஓடு போட்டு, பவுடர் மாதிரி வரும். அதைச் சாந்தில் கலந்து பூசினால் பகல் வெயிலில் ஓட்டுக்குள் மெழுகு உருகும். உருகுவதற்கு வேண்டிய சூட்டைச் சுவரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அறைக்குள் வந்திருக்க வேண்டிய சூடு பாதிவழியில் நின்றுவிடும். ராத்திரி காற்றடித்துச் சுவர் குளிர்ந்தால் மெழுகு மறுபடி உறையும், மறுநாள் மறுபடி உருகும். கரண்டு செலவில்லை, ஏசி வேண்டாம். கேட்பவர்கள் எல்லோரும் அட என்பார்கள். அப்புறம், இது எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்பார்கள். அங்கேதான் எனக்குப் பேச்சு நின்றுபோகும்.

கம்பெனியிலும் அதையே கேட்டார்கள். சோதனைக்கூடத்தில் ஒரு பெட்டி உண்டு. சாந்துக் கட்டிகளை உள்ளே வைத்தால் சூடாக்கும், குளிர வைக்கும், திரும்பச் சூடாக்கும். அந்தப் பெட்டியில் என் கட்டிகள் நன்றாகவே தாங்கின. பெட்டிக்குள் தாங்கியது வெளியே தாங்குமா, ஆள் புழங்கும் ஒரு நிஜ வீட்டில் மூன்று கோடை நின்று காட்டட்டும், அதற்கப்புறம் மூட்டையில் போட்டு விற்கலாம் என்றார் மேலாளர். என்னைவிட எத்தனையோ வயது இளையவர், ஆனால் சொன்னது நியாயம். எனக்கு ஓய்வு பெறவும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் பாக்கி. அடுத்தவன் கண்டுபிடித்ததைச் சரி, தப்பு என்று சொல்லியே ஆயுசு போயிருந்தது. என்னுடையது என்று சொல்ல இந்த ஒன்றுதான் இருந்தது, இது நின்றுவிட வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டேன்.

நிஜ வீடு என்றதும் எனக்கு ஒரே வீடுதான் நினைவுக்கு வந்தது. ஆரல்வாய்மொழியில் அக்காவின் வீடு.

அக்கா குவைத்தில் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவள் அனுப்பிய பணத்தில் படித்த நானும் கேட்கவில்லை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, பெரிய பெரிய அறைகளாக ஒரு கான்கிரீட் வீடு கட்டிக்கொண்டாள். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கட்டும் வீடு எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், ஆறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் இருப்பார். மேற்கே சாலை, அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய மட்டும் காற்றாலைகள். கிழக்கு அறை நல்ல குளிர்ச்சி. ஆனால் மலை மறைத்ததோ, அவள் போட்ட கனமான கான்கிரீட் மறைத்ததோ, அங்கே செல்போன் செத்துப்போகும். மேற்கு அறையின் ஜன்னலோரத்தில் மட்டும்தான் சிக்னல் வரும். இவ்வளவு காசைக் கொட்டி வீடு கட்டி, ஒரு போன் பேச வெயிலில் போய் நிற்கிறாயே என்று நான் கேலி செய்வேன்.

நான் மட்டும் என்ன வாழ்ந்தேன். மனைவி கனடாவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போனாள். பேரன் தவழட்டும் என்றாள், நடக்கட்டும் என்றாள், பள்ளிக்கூடம் போகட்டும் என்றாள். சண்டை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்போன் திரையில் மூன்று பேரும் வரிசையாக வந்து கையசைப்பார்கள். மற்ற நாட்களில் வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடி வீட்டில், ஏசியைப் போட்டுக்கொண்டு, வாங்கி வந்த இட்லியைத் தின்றுகொண்டு இருந்தேன். ஏசி இல்லாமல் வீட்டைக் குளிர வைக்கப் பாடுபடுகிறவன் ஏசியில்தான் தூங்கினேன், இதிலுள்ள வேடிக்கை எனக்கும் தெரியாமல் இல்லை.

மேற்கு அறைச் சுவரில் இருந்த பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, உள்ளும் புறமும் என் சாந்தைப் பூசினோம். அந்தச் சுவர் மத்தியானத்துக்கு மேல் அடுப்புக்கல் மாதிரி ஆகிவிடும். அதில் நின்றால் எங்கும் நிற்கும் என்று அதைத் தேர்ந்தெடுத்தேன். அறை காலியாகக் கிடந்தால் சோதனை சரிவராது, ஆள் இருந்து கதவைத் திறந்து மூட வேண்டும், ஃபேன் போட வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். அப்படியானால் நான் அங்கே படுத்துக்கொள்கிறேன் என்று கிழக்கு அறையிலிருந்த கட்டிலைத் தூக்கி மேற்கே போடச் சொன்னாள். சாந்து இறுகும்வரை காலையும் மாலையும் சுவரை நனைக்க வேண்டும் என்றேன். வீடு கட்டிய எவருக்கும் சொல்லித் தர வேண்டிய விஷயமில்லை இது. எங்கள் ஊரில் கொத்தனாருக்குக் கொடுக்கும் மரியாதையைவிடச் சுவர் நனைப்புக்குக் கொடுக்கும் மரியாதை அதிகம். வீட்டுக்காரர்கள் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால்கூட, நனைக்க ஆள் வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

அறைக்குள் ஒரு வெப்பமானியை மாட்டினேன். தினமும் சாயங்காலம் அதைப் பார்த்துச் சொன்னால் போதும், ஆறு மணிக்கு நானே போன் செய்கிறேன் என்றேன். தானாகப் பதிவு செய்யும் கருவிகள் இருக்கின்றன, வாங்கியிருக்கலாம். அந்த ஊர்க் காற்றுக்கும் மின்வெட்டுக்கும் அது நிற்காது என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்காவுக்குச் சிரிப்பு.

"ஏலே, ஆயுசு முழுக்க அடுத்தவனுக்குச் சூடு பாத்துச் சொல்லிட்டு வந்து இருக்கேன். இப்பம் சுவருக்குப் பாக்கணுமாக்கும்," என்றாள். ஆனால் மறுக்கவில்லை.

அப்படித்தான் எங்கள் போன் பேச்சு ஆரம்பமானது. அதற்கு முன் நாங்கள் பேசிக்கொண்டது கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும்தான். அவள் தானாக யாருக்கும் போன் செய்ய மாட்டாள். குவைத்தில் இருந்தவரை எல்லோரையும் நான்தான் விளித்தேன், இனி நீங்கள் விளியுங்கள் என்று வந்த புதிதிலேயே சொல்லிவிட்டாள். நாங்கள் யாரும் விளிக்கவில்லை என்பது வேறு கதை. இப்போது ஆறு மணி ஆனால் நான் கூப்பிட வேண்டும், அவள் சூட்டைச் சொல்ல வேண்டும். சொல்வாள், நான் கம்ப்யூட்டரில் தட்டிக்கொள்வேன். அதோடு வைத்துவிட முடியுமா? காற்று எப்படி என்பேன். நேற்றைவிடப் பரவாயில்லை என்பாள். மீன்காரி இராஜாக்கமங்கலத்திலிருந்து நல்ல சாளை கொண்டுவந்தாள், ஆனால் ஒருத்திக்கு என்னத்தைக் குழம்பு வைப்பது என்பாள். எங்கள் குடும்பத்தில் அன்பை அப்படியே எடுத்து வைத்துப் பேசும் பழக்கம் கிடையாது. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டுக்கொள்ள மாட்டோம். நடுவில் ஒரு சுவர் இருந்ததால்தான் பேச முடிந்தது.

முதல் கோடை நான் பயந்த மாதிரி இல்லை. அதே மேற்கு வெயில் படும் பக்கத்து அறையில் சாதாரணப் பூச்சு, அங்கேயும் ஒரு வெப்பமானி மாட்டியிருந்தேன். இரண்டு அறைக்கும் நடுவே நல்ல வித்தியாசம் தெரிந்தது. மத்தியானம் மேற்கு அறையில்தான் தூங்குகிறேன், கொள்ளாம் என்றாள் அக்கா. நன்றாயிருக்கிறது என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது, அவள் வாயிலிருந்து வருவது எளிதல்ல. அன்றைக்கு ஆபீசில் எல்லோருக்கும் நான் வடை வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாம் கோடை தொடங்கியதும் ஒருநாள் அவள் சொன்ன சூடு சரியாக இல்லை. வழக்கத்தைவிட மிகவும் கூடுதல். திரும்பப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு அதையே சொன்னாள். ஓடு உடைந்து மெழுகு வெளியே கசிய ஆரம்பித்துவிட்டதா? சுண்ணாம்பின் காரம் ஓட்டை அரித்துவிட்டதா? சரி, வைக்கிறேன் என்று வைத்துவிட்டேன். அடுத்த சில நாட்கள் பெட்டியிலிருந்த கட்டிகளை உடைப்பதும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுமாக இருந்தேன். ஆறு மணி வந்ததும் போனதும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன், அவள் சொல்லப்போகும் எண்ணைக் கேட்கத் தைரியமில்லை.

அப்புறம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கூப்பிட்டேன். சூடு இறங்கியிருந்தது, பழைய அளவுக்கே. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் அவளிடம் என்னென்னவோ பேசினேன். சின்ன வயசில் இருவரும் சர்ச் பெஞ்சில் தூங்கி விழுந்து அடி வாங்கியதைக்கூடப் பேசினேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்த ஒருநாள் சூட்டுக்குக் காரணம் காற்று நின்றுபோனதாக இருக்கும் என்று மேலாளரிடம் சொன்னேன். அவரும் இருக்கும் என்றார். அதற்குப் பிறகு ஒருநாள்கூட அப்படிக் கூடவில்லை.

கிறிஸ்மஸுக்கு மட்டும் நான் ஊருக்குப் போவேன். மழைக்காலம் முடிகிற சமயம், சுவர் எப்படியும் ஈரமாகத்தான் இருக்கும். எங்கள் பக்கத்தில் கிறிஸ்மஸுக்கு முன்னால் வெள்ளையடிக்காத வீடு இருக்காது, அக்காவின் வீடும் வெள்ளைவெளேரென்று இருக்கும். பெயிண்டு மட்டும் அடிக்காதே, சுண்ணாம்பு அடித்தால் சுவருக்குக் கெடுதலில்லை என்று நான்தான் அனுமதி கொடுத்திருந்தேன். சுவரைச் சுற்றி வந்து தட்டிப் பார்ப்பேன், ஒரு விரிசல் இருக்காது. மூன்றே நாளில் திரும்பிவிடுவேன்.

மூன்றாம் கோடை வந்தது. பங்குனியிலேயே வெயில் ஏறிவிட்டது, அக்கா சொன்ன எண்கள் ஏறவில்லை. மூட்டையின் மேல் என்ன பெயர் போடலாம் என்று கம்பெனியில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியாக, அந்தச் சுவரிலிருந்து ஒரு துண்டு வேண்டும், சோதனைக்கூடத்தில் பார்த்துவிட்டால் முடிந்தது என்றார் மேலாளர். அன்று சாயங்காலமே ரயில் ஏறினேன். அக்காவிடம் சொல்லவில்லை. திடீரென்று போய் நின்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று சின்னப்பிள்ளைத்தனமான ஓர் ஆசை. ரயில் தாமதமாகி, முற்பகலில் நாகர்கோவிலில் இறங்கி, காலைச் சாப்பாட்டை முடித்து, துண்டு வெட்டி எடுக்க ஓர் உளியும் சுத்தியலும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் இறங்கும்போது மத்தியானம் கழிந்திருந்தது.

வாசல் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை. வீட்டுக்கு மேற்குப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

சுற்றிக்கொண்டு போனேன். தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் வாளியை வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் கப்பில் மொண்டு மொண்டு அக்கா சுவரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எரிகிற வெயில். மேலேயிருந்து தொடங்கி ஒரே சீராக ஊற்றிக்கொண்டே வந்தாள், பிறகு ஒரு பழந்துணியை நனைத்து ஜன்னலுக்குக் கீழே ஒற்றினாள். காய்ச்சல்காரனுக்கு ஈரத்துணி போடும் அதே கை. சுவரடியில் யாரும் நடாத கீரையும் புல்லும் பச்சென்று நின்றன, சுற்றிலும் மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்தபோது. அவள் கை எட்டும் உயரம்வரை போர்வெல் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. அதற்கு மேலே பூப்பு இல்லை. போன கிறிஸ்மஸுக்கு அடித்த சுண்ணாம்பு எதை மூடியது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கப்பைக் கீழே வைக்கவில்லை.

"நீ வாறேன்னு சொல்லவேயில்லியே," என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்டேன். போன கோடையிலிருந்து என்றாள். ஏன் என்றேன். சூடு கூடினால் நனைத்துத் துடைக்காமல் பின்னே என்ன செய்வார்கள் என்றாள், அதுவும் ஒரு கேள்வியா என்பதுபோல. சாந்து இறுகினதும் நனைப்பை நிறுத்தச் சொல்லவில்லையா நான் என்று கத்தினேன். நிறுத்தினேனே, முதல் கோடை முழுக்க ஒரு சொட்டு ஊற்றவில்லையே என்றாள். வெயிலில் நின்று நான் கத்தக் கத்த அவள் குரல் மட்டும் ஏறவேயில்லை. ஆஸ்பத்திரியில் கத்துகிற எத்தனையோ பேரைப் பார்த்தவள்.

"நீ இந்த உப்பு வெள்ளத்தை ஊத்தி ஊத்தித்தான் மெழுகு கெட்டுப் போயிருக்கும்," என்றேன்.

"இல்ல மக்கா. கெட்டதுக்குப் பொறவுதான் ஊத்தினேன்."

அவள் துணியைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் போட்டாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"சூடு கூடிருக்குன்னு சொன்ன அன்னைக்கு நீ ஒண்ணும் பேசாம போனை வச்சிட்ட. பொறவு எத்தனை நாளு விளிக்கல்ல. நான் இந்த ஜன்னல்லயே இருந்தேன். சுவருக்குச் சூடு தணிஞ்சாதான் நீ பேசுவன்னு தோணிச்சு. நனைச்சேன், தணிஞ்சுது. நீயும் விளிச்ச. அன்னைக்குத்தான் நீ எங்கிட்ட அரை மணிக்கூறு பேசின." வாளியை ஓரமாக நகர்த்திவிட்டு, "பொய்யொண்ணும் சொல்லல்ல கேட்டியா. சூடு என்னவோ அதைத்தான் சொன்னேன்," என்றாள்.

உண்மைதான். அவள் சொன்ன ஒவ்வோர் எண்ணும் சரியானது. நோயாளிக்குச் சிகிச்சை செய்யாதே, வெறுமனே பார்த்துக்கொண்டிரு என்று நான் ஒரு நர்ஸிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

நியாயமெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றியதெல்லாம், மூன்று கோடை போச்சே என்பதுதான். என் பெயருக்கு இருந்த ஒன்றும் போச்சே என்பதுதான். இனி இந்தச் சுவரில் ஒரு சொட்டு வெள்ளம் விழக்கூடாது என்று சொன்னேன், டாக்டர் நர்ஸிடம் சொல்லுகிற குரலில். சரி என்றாள். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எனக்குச் சோறு போட உள்ளே போனாள். ஒருத்திக்கு வைத்த குழம்பை இருவரும் சாப்பிட்டோம்.

நாலு நாள் அங்கேயே இருந்தேன். தண்ணீர் நின்றதும் மேற்கு அறையின் சூடு ஏறி, பக்கத்து அறையின் சூட்டுக்குச் சமமாக வந்து நின்றது. வித்தியாசம் என்று ஒன்று இல்லவே இல்லை. உளியை வைத்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை எடுத்தேன். கொத்திய இடத்தை விரலால் தேய்த்தபோது வழவழவென்று இருந்தது, ஓட்டைவிட்டு வெளியேறிய மெழுகு. அக்கா வாசலில் நின்று பார்த்தாள், அது என்ன என்று கேட்கவில்லை. கிளம்பும்போது வழக்கம்போல் ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலத்தைப் பையில் வைத்தாள். நான் போய்ச் சேர்ந்ததும் போன் செய்கிறேன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

சோதனைக்கூடத்தில் அந்தத் துண்டை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். ஓடுகள், குஞ்சு பொரித்துப் போன முட்டை ஓடுகள் மாதிரி, பிளந்து காலியாகக் கிடந்தன. தினமும் ஒரு தடவை உருகி விரிந்து, ஒரு தடவை உறைந்து சுருங்கி, சுண்ணாம்பின் காரத்தில் ஊறி, அந்த மெல்லிய ஓடு ஒரு வருஷத்துக்கு மேல் தாங்கவில்லை. பெட்டிக்குள் வைத்த கட்டிகள் இளசு, சுண்ணாம்பு அவற்றை அரிக்க அவகாசம் கிடைக்கும் முன்பே சோதனை முடிந்துவிடும். உள்ளதை உள்ளபடி அறிக்கையில் எழுதினேன், அக்கா தண்ணீர் ஊற்றியதையும் சேர்த்து. மேலாளர் கோபிக்கவில்லை. இதுவும் நல்ல பாடம்தான் சார் என்றார். வேறு வகை ஓட்டோடு பிற்பாடு வேறு யாராவது செய்வார்கள் என்றார். பிற்பாடு என்றால் நான் போனதற்குப் பிற்பாடு. சீக்கிரமே என்னை யாரும் மெழுகு சார் என்று சொல்வதும் நின்றுபோனது. கேலியை எடுத்துவிட்டால் ஒரு மனுஷன் எவ்வளவு தனியாகிவிடுகிறான் என்று அப்போது தெரிந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கை தானாகப் போனுக்குப் போகும். எடுத்து என்னத்தைக் கேட்பது? கம்ப்யூட்டரில் தட்டுவதற்கு ஒன்றுமில்லை. கோபம் தீர்ந்துவிட்டது, ஆனால் தீர்ந்துவிட்டது என்று சொல்ல ஒருவன் தனியாகப் போன் செய்வானா? எங்கள் வீட்டில் அப்படி யாரும் செய்ததில்லை. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம் என்றே பங்குனி போய்ச் சித்திரையும் பாதி போனது. ஞாயிற்றுக்கிழமை கனடா திரையில் அத்தை சுகமா என்று மகள் கேட்டாள். சுகம்தான் என்றேன். எனக்கென்ன தெரியும்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் ஒருநாள், ஆபீஸ் போகப் பிடிக்காமல் வீட்டில் கிடந்தேன். மத்தியானம் கரண்டு போனது. சாயங்காலம்வரை வரவில்லை. ஏசி நின்றதும் அந்த வீடு எப்படிப்பட்ட வீடு என்று தெரிந்தது. சுவரில் கை வைக்க முடியவில்லை. தரையில் தண்ணீரைக் கொட்டி, பனியனைக் கழற்றிவிட்டு ஈரத்திலேயே உட்கார்ந்தேன். நான் செய்வது என்ன என்று எனக்கே ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. மணி ஆறு ஆகியிருந்தது. போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன்.

முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். எனக்கு வேறு பேச்சு தெரியாது.

"சூடு எவ்வளவுக்கா?" என்றேன்.

"முப்பத்தெட்டு," என்றாள். பார்க்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"நனைக்கல்லியா?"

"ஒரு சொட்டு விழப்பிடாதுன்னு நீதானே சொல்லிட்டுப் போன."

அது அந்த நாலு நாளைக்குச் சொன்னது, வேலையே முடிந்துபோனது, சோதனை எல்லாம் எப்போதோ மூடியாயிற்று என்று அவசர அவசரமாகச் சொன்னேன். அவளிடம் இதை யாரும் சொல்லவில்லை. நான் ஒருவன்தான் சொல்ல வேண்டியவன்.

"சரி, அதை விடு. இந்த வெக்கையில எதுக்கு அந்த ரூம்ல கிடக்க? கட்டிலைத் தூக்கிக் கிழக்கு ரூம்ல போட வேண்டியதுதானே?"

"அங்க போன் கிடைக்காதுல்லா," என்றாள்.

ஈரத் தரையில் உட்கார்ந்தபடியே இருந்தேன். அவள் முன்னே எப்போதும் அழுததில்லை, போனிலும் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வாளியை எடு அக்கா, இப்பமே நனை என்றேன். அப்படியானால் போனை வைக்கட்டுமா என்று கேட்டாள். வைக்க வேண்டாம், ஜன்னலில் வைத்துவிட்டுப் போ என்றேன்.

போன் ஜன்னல் கட்டையில் உட்காரும் சத்தம் கேட்டது. அவள் செருப்பு நடந்து போனது. குழாய் திறந்தது, வாளி நிறைந்தது. முதல் கப்புத் தண்ணீர் சுவரில் விழுந்தது. பிறகு இன்னொன்று. வாளி தீர்ந்து அவள் திரும்பி வரும்வரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.